அப்பத்தாவின் தண்டட்டியும் குறுக்கெழுத்துப் போட்டியும்

இது சண்டைக்காக எழுதும் கட்டுரை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டை யாரோடு என்றால், என் நண்பன் ஒருவனோடு. பெயர் வேண்டாம். சினிமா விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கிறான், நல்ல வாசகன். போன மாதம் மதுரையில் ஒரு மொட்டை மாடியில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: "எஸ்.எஸ்.வாசன்தாண்டா நம்ம ஊரோட முதல் டிஜிட்டல் மார்க்கெட்டர். டிஜிட்டல் மட்டும்தான் இல்ல. குறுக்கெழுத்துப் போட்டி போட்டு ஆள இழுத்தாரு, வந்த கூட்டத்துக்கே படம் காட்டுனாரு. இன்னைக்கு நாங்க 'அடுத்த பாட்டு எதுன்னு கெஸ் பண்ணு, ரெண்டு டிக்கெட் ஜெயி'ன்னு போடுறமே, அதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தர் ஒரு படி மேலே போய், இலக்கியமும் இப்படித்தான் தன்னை விற்கப் பழகவேண்டும், சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது புரியாமல்தான் ஐந்நூறு பிரதியோடு செத்துப்போனார்கள் என்றார். நான் அப்போது ஒன்றும் பேசவில்லை. எனக்குச் சட்டென்று பேச்சு வராது. பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோடு பிரிவு தாண்டி, தேவதானப்பட்டியில் இறங்குகிறவரைக்கும் மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வாசனைப் பற்றிய தகவலில் தப்பில்லை. பூதூர் வைத்தியநாதய்யர் 1926ல் தொடங்கிய ஆனந்த விகடன் தள்ளாடிக்கொண்டிருந்தது. தபாலில் சரக்கு விற்கும் தொழிலும் விளம்பரத் தொழிலும் செய்துகொண்டிருந்த வாசன் 1928ல் அதை இருநூறு ரூபாய்க்கு வாங்கினார். எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் என்று கணக்குப் போட்டு வாங்கியதாகச் சொல்வார்கள். எண்ணிப் பாருங்கள்: ஆ, ன, ந், த, வி, க, ட, ன். எட்டுக் கட்டம், கட்டத்துக்கு இருபத்தைந்து. குறுக்கெழுத்துக்காரன் புத்தி அப்போதே இருந்திருக்கிறது என்று நான் கேலியாகச் சொல்வதுண்டு. 1930களில் விகடனும் வேறு சில தமிழ் இதழ்களும் ரொக்கப் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தின. விற்பனை ஏறியது. அது சூதாட்டம் என்று அப்போதே கண்டித்தவர்களும் இருந்தார்கள். 1941ல், தீப்பிடித்து ஏலத்துக்கு வந்த ஒரு ஸ்டுடியோவை எண்பத்தாறாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு எடுத்து ஜெமினி ஆக்கினார். வாசனுக்குப் பந்தயக் குதிரைகள் உண்டு. ஜெமினி என்ற பெயரே ஒரு குதிரையிடமிருந்து வந்தது என்றும் ஒரு கதை உண்டு. 1948ல் 'சந்திரலேகா'. அந்தப் படத்துக்கு அவர் செய்த விளம்பரம்போல அதுவரை இந்தியாவில் யாரும் செய்ததில்லை.

ஆக நண்பன் சொன்ன வரிசை சரி. அதிலிருந்து அவன் எடுத்த முடிவைத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பரிசுக் குறுக்கெழுத்து என்றால் என்னவென்று இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. நாளிதழின் ஓரத்தில் வரும் குறுக்கெழுத்துக்கு ஒரு கட்டத்துக்கு ஒரு விடைதான். யோசித்தால் கிடைக்கும், கிடைத்தால் சந்தோஷம், அவ்வளவுதான். ரொக்கப் பரிசு வைத்துப் பெருந்தொழிலாக நடந்த போட்டிகளின் சூட்சுமமே வேறு. ஒரு உதாரணம் நானே கட்டித் தருகிறேன். குறிப்பு: 'இது கையில் இருந்தால் ஊரே மதிக்கும்.' மூன்று கட்டம். முதல் எழுத்து ப, கடைசி எழுத்து ம். நடுவில் காலி.

பணம் என்று உடனே எழுதுவீர்கள். ஏன், பலம் இருந்தால் மதிக்கமாட்டார்களா? பதம் என்றால் பதவி என்றும் பொருள் உண்டே. எங்கள் தேனிப் பக்கத்தில் படம் கையில் இருக்கிறவனைத்தான் அதிகம் மதிப்பார்கள் (அல்லிநகரமும் பண்ணைப்புரமும் எங்கள் மாவட்டம், ஞாபகமிருக்கட்டும்). இதில் எது சரி? எல்லாமே சரி. ஆனால் ஆசிரியர் ஒன்றை எழுதி, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து எங்கோ கொடுத்துவைத்திருக்கிறார். உங்கள் தமிழ் அறிவுக்கு அங்கே வேலை இல்லை. அந்த உறைக்குள் இருப்பதை ஊகிக்கவேண்டும். அது குறி கேட்பது மாதிரி. குடுகுடுப்பைக்காரனாவது நமக்குக் குறி சொல்வான். இங்கே காசையும் கொடுத்துவிட்டு நாமே குறி சொல்லவேண்டும்.

இனி கணக்கு. இப்படி இரண்டுங்கெட்டான் கட்டம் எட்டு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இரண்டே விடைதான் என்று வையுங்கள். மொத்தம் 256 விதமாக நிரப்பலாம். கூப்பன் ஒன்றுக்கு நாலணா என்று வைத்தால், எல்லாவற்றையும் நிரப்பி அனுப்ப 64 ரூபாய். கட்டம் பத்தாகி, விடை மும்மூன்றாகிவிட்டால் 59,049 விதம். ஒரு ஆள் உட்கார்ந்து ஆயுசுக்கும் நிரப்பலாம். ஒரு கூப்பன் அனுப்பியவனுக்குத் திருப்தி இருக்காது. 'பணம்' என்று ஒன்று, 'பலம்' என்று ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று 'படம்' ஒன்று. சந்தேகத்தை விற்கிற வியாபாரம் இது. சந்தேகம் எவ்வளவு கூடுகிறதோ கூப்பன் அவ்வளவு போகும். நல்ல புதிர் போடுகிறவன் சந்தேகத்தைக் குறைக்கப் பார்ப்பான். இவன் வளர்க்கப் பார்ப்பான். பெயர்தான் இரண்டுக்கும் ஒன்று.

எங்கள் தாத்தா இதில் விழுந்தவர். ஐம்பதுகளின் தொடக்கம். தேவதானப்பட்டி அப்போது மதுரை ஜில்லா. நாலாவது வரைக்கும் படித்தவர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். எந்தப் பத்திரிகை என்று சொல்லப்போவதில்லை, அப்பத்தாவுக்கும் பெயர் சரியாகச் சொல்லத் தெரியாது, "அந்தக் கட்டம் போட்ட பொஸ்தகம்" என்பாள். கூப்பனைக் கத்தரித்து, போஸ்டல் ஆர்டர் வைத்துத் தபாலில் போடுவாராம். பிறகு முடிவு வரும் நாளில் விடியக்காலையில் எழுந்து வத்தலக்குண்டுக்கு நடை. பஸ்ஸுக்குக் காசு இருந்தால் அந்தக் காசுக்கும் கூப்பன் வாங்கிவிடுவார் என்பதால் நடை.

ஒரு தடவை இரண்டு எழுத்துத் தப்பி ஏதோ பங்குப் பரிசு வந்திருக்கிறது. அதுதான் வினையாகப் போனது என்பாள் அப்பத்தா. "ஒண்ணுமே வராம இருந்திருந்தா மனுசன் விட்ருப்பாரு. பன்னெண்டு ரூவா வந்துச்சு பாரு, அதுல போச்சு எந் தண்டட்டி." கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்டு அனுப்பிய தண்டட்டி. அடகுக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை. நான் பார்த்த அப்பத்தாவுக்குத் தோள் தொடுகிற காது இருந்தது, அதில் ஒன்றும் இருக்காது. சின்ன வயசில் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு விளையாடியிருக்கிறேன்.

வாசன் ஜீனியஸ் என்று மொட்டை மாடியில் எல்லோரும் தலையாட்டியபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் காதுதான். வாசனுடைய பத்திரிகையை நான் குற்றம் சொல்லவில்லை, தாத்தா கட்டியது வேறெங்கோ. ஆனால் 'கூட்டத்தை இழுப்பது' என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போகிறோமே, அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு அப்பத்தா இருந்தாள்.

சரி, இந்த உத்தி எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. தேதி வேடிக்கையானது. 1913 டிசம்பர் 21ல் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் போட்ட புதிரைத்தான் முதல் குறுக்கெழுத்து என்கிறார்கள். அதற்கு எட்டு நாள் கழித்து, டிசம்பர் 29ல், சிகாகோவில் 'கேத்லினின் சாகசங்கள்' என்ற தொடர்படத்தின் முதல் பாகம் வெளியானது. திரையில் படம் ஓடும்போதே 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழில் அதே கதை தொடராக வரும். படித்தவன் படத்துக்குப் போவான், பார்த்தவன் பேப்பர் வாங்குவான். கதை நடப்பது நம் இந்தியாவில், அதாவது அவர்கள் கற்பனை செய்த ஒரு இந்திய சமஸ்தானத்தில், சிங்கம் புலியோடு. அவர்கள் காட்டிய இந்தியாவைப் பற்றிப் பேசினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

போட்டியும் சினிமாவும் இதற்கு முன்பே கைகோத்துவிட்டன. 1912ல் 'மேரிக்கு என்ன ஆனது' என்ற எடிசன் கம்பெனித் தொடர் 'லேடீஸ் வேர்ல்ட்' மாத இதழோடு சேர்ந்து வந்தது. மேரிக்கு அடுத்து என்ன நடக்கும் என்று சரியாகச் சொல்லும் வாசகருக்கு நூறு டாலர். 1914ல் 'மில்லியன் டாலர் மர்மம்'. இதற்கு முடிவே எழுதி வைக்கவில்லை. நல்ல முடிவு எழுதி அனுப்புகிறவருக்குப் பத்தாயிரம் டாலர் என்றார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்தில் சுருக்கெழுத்து வேலை பார்த்த ஐடா டேமன் என்ற பெண் ஜெயித்தார். 1925ல் இன்னும் விசேஷம். லூசில் லெசூர் என்ற புது நடிகைக்குப் பெயர் வைக்கப் போட்டி வைத்தது 'மூவி வீக்லி'. அப்படிக் கிடைத்த பெயர்தான் ஜோன் கிராஃபோர்ட். அந்த அம்மாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்பார்கள். 'போட்டோபிளே' பத்திரிகை நட்சத்திரங்களின் முகங்களைத் துண்டு துண்டாக வெட்டி, கலைத்துப் போட்டு, ஒட்டிச் சேர்க்கச் சொல்லி ஐயாயிரம் டாலர் பரிசு வைத்தது. ஒரு கண் ஒருத்தருடையது, தாடை இன்னொருத்தருடையது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது ஐடா டேமன் கதை. அங்கே வாசகரிடம் கேட்டது என்ன? யோசி, கதையை முடி. சந்தேகத்தை விற்கவில்லை. இருபது கூப்பன் வாங்கினால் வாய்ப்புக் கூடும் என்று இல்லை, நல்ல முடிவு எழுதினால்தான் உண்டு. விளம்பரத் தந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தத் தந்திரத்துக்குள் வாசகருக்கு ஒரு நாற்காலி இருந்தது.

நாற்காலி எடுக்கப்பட்ட இடமும் தெரிகிறது. 1938ல் அமெரிக்க சினிமாத் தொழில் கூட்டம் குறைகிறதே என்று பயந்து, எல்லா ஸ்டுடியோக்களும் சேர்ந்து இரண்டரை லட்சம் டாலருக்கு ஒரு வினாடி வினாப் போட்டி நடத்தின. தியேட்டரில் கொடுக்கும் சிறு புத்தகத்தில் தொண்ணூற்றுச் சொச்சம் படங்களைப் பற்றிக் கேள்வி இருக்கும், முப்பதுக்குப் பதில் எழுதவேண்டும். இந்தப் படத்தில் அவன் என்ன வேலை பார்த்தான், அந்தப் படத்தில் இவள் எங்கே போனாள். படத்தைப் பார்க்கவேண்டிய காரணம் படத்தில் இல்லை, பரிசில் இருக்கிறது என்று தயாரித்தவர்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆனது. அந்த இயக்கத்தைத் தோல்வி என்றுதான் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆகாமல் என்ன செய்யும்? நம் சாப்பாட்டுக் கடைக்காரர் "சாப்பிட்டால் நூறு ரூபாய் தருகிறேன்" என்று போர்டு வைத்தால் நாம் முதலில் சாம்பாரைத்தான் மோந்து பார்ப்போம்.

இப்போது நண்பனுக்குப் பதில். அவன் வாசனைச் சொன்னான். நான் அதே விகடனிலிருந்து, அடுத்த வருஷத்திலிருந்தே ஒரு சம்பவம் சொல்கிறேன். 1939. கல்கியின் 'தியாக பூமி' விகடனில் தொடராக வருகிறது. அதே சமயத்தில் கே.சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். தொடருக்கு ஓவியம் போடவில்லை, படத்தின் ஸ்டில்களையே போட்டார்கள். பாபநாசம் சிவன்தான் சம்பு சாஸ்திரி, எஸ்.டி.சுப்புலட்சுமிதான் சாவித்திரி என்று ஒவ்வொரு வாரமும் வாசகர் முகத்தோடு கதை படித்தார்கள். சிகாகோ டிரிப்யூன் செய்த அதே காரியம், கால் நூற்றாண்டு கழித்து, நம் மவுண்ட் ரோட்டில். மே மாதம் படம் வந்தது. சர்க்கார் தடை போடப்போகிறது என்று தெரிந்ததும் கெயிட்டி தியேட்டரில் இலவசமாகக் காட்டினார்கள். கூட்டம் முட்டியது, போலீஸ் தடியடி நடத்தியது.

அங்கே யாருக்கும் எந்தப் பரிசும் இல்லை. கூப்பன் இல்லை, சீல் வைத்த உறை இல்லை. கணவனை விட்டு வெளியே வந்து, தன் காலில் நின்று, "வேண்டுமானால் நான் உனக்கு ஜீவனாம்சம் தருகிறேன்" என்கிற நிலைக்கு வந்த ஒரு பெண்ணைப் பார்க்கத்தான் அந்தக் கூட்டம் அடி வாங்கியது. தூண்டில் இல்லாமல் தமிழ்க் கூட்டம் வராது என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? பத்திரிகையும் சினிமாவும் சேர்ந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று நான் சொல்லவேயில்லை. கதையைக் காட்டிக் கூப்பிட்டால் அது அழைப்பு. காசைக் காட்டிக் கூப்பிட்டால் வருகிறவனுக்குக் கதை எதற்கு? இரண்டையும் ஒரே பத்திரிகை, ஒரே முதலாளி, ஒரே பத்தாண்டுக்குள் செய்ததால் நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வாசனின் வெற்றிக்குக் குறுக்கெழுத்துதான் காரணம் என்று சொன்னால், அந்தப் பக்கத்தைத் திருப்பினால் கல்கி எழுதிக்கொண்டிருந்தாரே, அவர் என்ன கட்டத்துக்குக் காவலா?

சட்டம் இதை எப்படிப் பார்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. 1955ல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அது வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கேட்ட மாநிலங்களில் மதராஸும் ஒன்று. எழுத்துகளை, சொற்களை, எண்களை அடுக்கியும் கோத்தும் விடை காணும் புதிருக்குப் பரிசு தருவதெல்லாம் இதில் அடங்கும். குறுக்கெழுத்து என்று பெயர் சொல்லியே போட்டிருந்தார்கள். மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கிடையாது. அதற்குள் நடத்தவும் உரிமம் வேண்டும், ஒரு போட்டிக்கு இரண்டாயிரம் நுழைவுக்கு மேல் வாங்கக்கூடாது. அவ்வளவுதான், லட்ச ரூபாய்க் குறுக்கெழுத்து செத்தது.

சும்மா விடுவார்களா? ஆர்.எம்.டி.சமர்பாக்வாலா என்பவருடைய கம்பெனி அப்போது பெங்களூரில் அச்சான 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' வாரப் பத்திரிகை மூலமாகப் பெரிய அளவில் குறுக்கெழுத்து நடத்திக்கொண்டிருந்தது. பம்பாய் மாகாணத்தில் நுழைவுகளை வாங்கிக்கொள்ளத் தனி டிப்போக்களே வைத்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1957 ஏப்ரல் 9ல் இரண்டு தீர்ப்புகள். தலைமை நீதிபதி எஸ்.ஆர்.தாஸ் எழுதியதில் ரிக் வேதத்துச் சூதாடியும் மகாபாரதமும் வருகின்றன. சூது என்பது வியாபாரமே கிடையாது, வியாபாரம் செய்யும் உரிமையை அதற்காகக் கேட்கமுடியாது என்றார். இன்னொரு தீர்ப்பை எழுதியவர் நம்மவர், டி.எல்.வெங்கட்ராம ஐயர். தீட்சிதர் கிருதிகளில் கரைகண்டவர், சங்கீத கலாநிதி. அவர் ஒரு கோடு போட்டார்: திறமையால் ஜெயிக்கும் போட்டியை இந்தச் சட்டம் தொடாது, அதிர்ஷ்டத்தால் ஜெயிப்பதைத்தான் தொடும்.

தாளம் தப்பாத மனிதர் போட்ட கோடு, சரியான இடத்தில்தான் விழுந்தது. ஆனால் அந்தக் கோட்டின்மேலேதான் அதற்குப் பிறகு எல்லோரும் நடக்கிறார்கள். 'இது திறமை விளையாட்டு' என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும். தமிழ்நாட்டில் அரசே 1968ல் லாட்டரி தொடங்கியது, 2003ல் லாட்டரிக்குத் தடை வந்தது. அப்புறம் செல்போனில் ரம்மி. கடன்பட்டுச் செத்தவர்களின் செய்தி வாரம் தவறாமல் வந்த ஒரு காலம் ஞாபகம் இருக்கும். 2022ல் மாநில அரசு சட்டம் போட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று அவற்றை மட்டும் வெளியே எடுத்தது. வாதத்தில் மறுபடியும் சமர்பாக்வாலா. 2025 ஆகஸ்டில் காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும் கூடாது என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டது. கட்டம் போட்ட புத்தகத்திலிருந்து போன் வரைக்கும் எழுபது வருஷமாக ஒரே கேள்வி: ஜெயிப்பது திறமையா, அதிர்ஷ்டமா?

என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியே போதாது. நுழைகிறவன் எதைக் கொடுத்து நுழைகிறான் என்று கேட்கவேண்டும். தாத்தா நாலணா கொடுத்தார், அதாவது கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. நண்பனின் கம்பெனி நடத்தும் 'கெஸ் பண்ணு ஜெயி'க்குக் கட்டணம் இல்லை. "இலவசம்தானடா, யாரு நஷ்டப்படுறா?" என்கிறான். மூன்று பேரை டேக் செய், பக்கத்தைப் பின்தொடர், நம்பரைப் பதிவு செய், ஸ்டோரியில் போடு. ரெண்டு டிக்கெட்டுக்காக நாலாயிரம் பேர் கூலியில்லாத போஸ்டர் ஒட்டிகளாகிறார்கள். அந்தக் காலத்தில் பசை வாளியோடு ராத்திரி போஸ்டர் ஒட்டியவனுக்காவது பரோட்டாவும் பேட்டாவும் கிடைத்தது.

இலக்கியம் இதிலிருந்து கற்றுக்கொள்ளவேண்டும் என்றாரே ஒருத்தர், அவருக்கு என் சொந்தக் கதை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு இணையத்தளம் சிறுகதைப் போட்டி வைத்தது. எது என்று வேண்டாம். நடுவர்கள் உண்டு, ஆனால் முதல் சுற்றுக்கு வாசகர் மதிப்பீடு, நட்சத்திரம் போடவேண்டும். நான் ஒரு கதை போட்டேன். மூன்று மாதம் உழைத்து எழுதியது, மஞ்சளாறு அணைக்கு நிலம் கொடுத்த ஒரு குடும்பத்தைப் பற்றி. முதல் வாரம் பதினோரு பேர் படித்தார்கள். இரண்டாம் வாரம் பட்டியலில் என் பெயர் முந்நூறுக்கும் கீழே. அப்புறம்தான் எனக்குப் புத்தி மாறியது. லிங்க்கை எடுத்து வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்ப ஆரம்பித்தேன். பெரியகுளத்து மாமா, ஆண்டிபட்டிச் சித்தி, கூடப் படித்தவன், கூடப் படித்தவனின் மச்சான். "மாமா, அஞ்சு ஸ்டார் போட்டுருங்க." மாமா போட்டார். போட்டுவிட்டு போன் செய்து, "மாப்ள, போட்டாச்சு. நீ என்ன, சமையல் குறிப்பா எழுதிருக்க?" என்று கேட்டார். அம்மாவும் போட்டாள், அஞ்சு. இன்றுவரை அந்தக் கதையை அவள் படித்ததில்லை.

நான் அறுபத்தெட்டாவது இடத்துக்கு வந்தேன். அந்த ஒரு மாதம் நான் ஒரு வரி எழுதவில்லை, ஒரு பக்கம் படிக்கவில்லை. காலையில் எழுந்ததும் போனை எடுத்து எண்ணிக்கை பார்ப்பேன். தாத்தா வத்தலக்குண்டுக்கு நடந்தார், நான் படுக்கையிலிருந்தபடியே நடந்தேன். ஒரு நாள் ராத்திரி இந்த ஒற்றுமை மண்டையில் உறைத்தபோது உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. எனக்கு ரொக்க நஷ்டம் இல்லைதான். ஆனால் ஒரு கதையைப் படிக்காமலே படித்ததாகக் கையெழுத்துப் போட நாற்பது பேருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

போட்டியே கூடாதா என்பீர்கள். அப்படியில்லை. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் வத்தலக்குண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் ஊர், சி.சு.செல்லப்பா ஊர், பி.எஸ்.ராமையா ஊர். இந்த ராமையா 1930களின் ஆரம்பத்தில், அதே ஆனந்த விகடன் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு 'மலரும் மணமும்' என்று ஒரு கதை அனுப்பினார். முதல் பரிசுகூட இல்லை, ஆறுதல் பரிசுதான். அந்த ஆள்தான் பிறகு மணிக்கொடியைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்தினார். புதுமைப்பித்தன், மௌனி, கு.ப.ரா. என்று நாம் இன்றைக்கும் சொல்கிற பெயர்கள் ராமையா நடத்திய பக்கங்களில் இருக்கின்றன. பிறகு அவரும் சினிமாவுக்குப் போனார். புதுமைப்பித்தனும் போனார், ஜெமினியின் 'ஔவையார்' படத்துக்கு வேலை செய்தார். ஜெமினியில் வருஷக்கணக்காக உத்தியோகம் பார்த்த அசோகமித்திரன், வாசனைப் பற்றி வெறுப்பும் இல்லாமல் துதியும் இல்லாமல் எழுதியிருக்கிறார். வணிகப் பத்திரிகை ஒருபக்கம், சத்திய இலக்கியம் மறுபக்கம் என்று சாக்பீஸால் கோடு போடுகிறவர்களும் என் கட்சி இல்லை. அந்தக் கோட்டை ராமையாவே ஏழெட்டுத் தடவை தாண்டியிருக்கிறார்.

ராமையா அனுப்பிய போட்டியில், தபாலில் வந்த கதையை எவரோ ஒருத்தர் உட்கார்ந்து படித்தார். ஒரு எழுத்து அறியாத பையனின் கையெழுத்தை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். அந்த ஒருத்தர் படித்ததால்தான் ஆறுதல் பரிசாவது வந்தது. நண்பன் சொல்லும் வாசன் பாதையில், நான் இந்த வாசனையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒரே இதழ். ஒரு பக்கத்தில் வாசகன் கூப்பன். இன்னொரு பக்கத்தில் வாசகன் அனுப்பியதைப் படிக்கிறார்கள். எதைப் பின்பற்றப்போகிறோம் என்பது நாம் எடுக்கிற முடிவு. 'அவரே செய்தாரே' என்று வாசன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

இணைய இதழ்கள் நடத்தும் நண்பர்களே, போட்டி வையுங்கள். நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். பகிர்வை எண்ணாதீர்கள். வந்த கதைகளை யாராவது சம்பளம் வாங்கிக்கொண்டு முழுக்கப் படிக்கட்டும், தோற்றவனுக்கு நாலு வரி எழுதட்டும். அதற்குக் காசு இல்லை என்றால் போட்டி வைக்காதீர்கள். படம் எடுக்கிறவர்களுக்கும் இதேதான்: இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாதபோதுதான் 'கெஸ் பண்ணு' வருகிறது.

எங்கள் ஊர் மூங்கிலணை காமாட்சி கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். கருவறைக் கதவு திறப்பதேயில்லை. பூசை கதவுக்குத்தான். தேங்காயை உடைக்கமாட்டார்கள், வாழைப்பழத்தை உரிக்கமாட்டார்கள், அப்படியே வைத்துப் படைப்பார்கள். மொட்டை மாடி ராத்திரிக்குப் பிறகு ஊருக்கு வந்த அன்று அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் அவன் அம்மாவிடம் "உள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்டான். அந்த அம்மா, "கும்பிடுடா" என்றாள். எந்த விடையும் இல்லை, ஆனால் அவனிடம் நாலணா கேட்கவும் இல்லை.

தாத்தா செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பத்தா போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்தத் தண்டட்டிப் பேச்சு வந்தபோது, அவர் கடைசியாக அனுப்பிய கூப்பன் என்னவாயிற்று என்று கேட்டேன். பத்திரிகையை நிறுத்திவிட்டார்கள், முடிவே வரவில்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: "ஒரு கட்டத்துல மட்டும் என்ன எழுதுறதுன்னு எங்கிட்டக் கேட்டாருப்பா. எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாரு. நான் ஏதோ சொன்னேன், அதத்தான் எழுதுனாரு."

என்ன சொன்னாள் என்று கேட்டேன். மறந்துபோச்சு என்றாள்.